மாமாவின் கொப்பியில் எழும்பிய கச்சான்

உப்புவெளியிலிருந்து ஓர் ஆசிரியை:

எனது தாய்மாமா திருகோணமலைக் கடற்படைத் தளத்தில், ஊரார் டொக்யார்ட் என்று சொல்லும் இடத்தில், எழுதுவினைஞராக வேலை பார்த்தவர். 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் அந்தத் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்தபோது அவர் வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. ஓய்வு பெற்ற பின்னர், தமது சிறுவயது முதற்கொண்டு நினைவில் நின்றவற்றையெல்லாம் இரண்டு சீ.ஆர். கொப்பிகளில் எழுதி வைத்திருந்தார். அவர் காலமாகி ஆண்டுத் திவசமும் முடிந்த பிறகு மாமி அவற்றை ஒரு சீலைப் பையில் போட்டு என்னிடம் தந்து, "நீ தமிழ் படிப்பிக்கிறாய்தானே பிள்ளை, உனக்குத்தான் இது விளங்கும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை என்பதே உண்மை. பதினெட்டு ஆண்டுகளாகத் தமிழ் படிப்பிக்கும் நான், முதல் முப்பது பக்கங்களுக்குள் நாற்பது இடங்களில் பென்சிலால் புள்ளி வைக்க நேர்ந்தது. அவற்றில் பெரும்பாலானவை நான் என்றுமே கேட்டிராத சொற்கள் அல்ல என்பதுதான் வியப்பாக இருந்தது; நான் வேறொரு பொருளில் அறிந்திருந்த சொற்களே அவற்றில் அதிகம். அகராதியை உடனே எடுப்பதில்லை என்று அப்போது தீர்மானித்தேன். ஒரு சொல்லை முதலில் காணும்போது ஒரு புள்ளி, இரண்டாம் முறை இன்னொரு புள்ளி, மூன்றாம் முறை வரும்போது ஓரத்தில் என் ஊகத்தை எழுதிவிட்டு அதன் பிறகே அகராதி என்பது நானே எனக்கு வகுத்துக்கொண்ட முறை.

கொப்பியின் சில பக்கங்களைத் தரம் ஒன்பது மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். "கச்சான் எழும்பிவிட்டால் பின்னேரங்களில் கடற்கரைக்குப் போக ஒருவருக்கும் மனம் வராது" என்ற வரியில் வகுப்பே சிரித்தது. உள்துறைக் கடற்கரையில் கடதாசிச் சுருளில் கட்டி விற்கும் நிலக்கடலையான கச்சானைத் தவிர வேறு கச்சானை அவர்கள் அறியார்கள். "டீச்சர், கச்சான் எப்படி எழும்பும்?" என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான். நான் பதில் சொல்லாமல் மேலே வாசித்தேன். இரண்டு பக்கம் தள்ளி, கச்சான் அடித்த அடியில் வேலிக் கிடுகு பறந்து அயல்வீட்டுக் கிணற்றுக்குள் விழுந்த கதை வந்தது. அதற்கும் அப்பால், கச்சான் காலத்தில் தண்ணீர் அடிக்குப் போய்விடுவதால் துலாக்கயிற்றுக்கு இன்னொரு பாகம் முடிந்து நீட்ட வேண்டியிருந்ததையும், உதடு வெடித்துப் பிள்ளைகள் நல்லெண்ணெய் பூசிக்கொண்டு திரிந்ததையும் மாமா எழுதியிருந்தார். அந்த இடத்தில், மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி மெதுவாக, "அது காத்து டீச்சர், எங்கட அப்பப்பா சொல்லுவார்" என்றாள்.

தென்மேல் பருவக்காற்று தன் மழையை மேற்குக் கரையிலும் மலைநாட்டிலும் பொழிந்துவிட்டு, ஈரம் வற்றி, சூடேறி, மே மாதத்துக்கும் ஓகஸ்ட்டுக்கும் இடையில் தரை வழியாக எங்கள் பக்கம் வந்து சேர்கிறது. எங்களுக்கு மழை தருவது நவம்பரில் தொடங்கும் வாடை. இதைப் புவியியல் பாடத்தில் அந்தப் பிள்ளைகள் படித்திருந்தார்கள், பரீட்சையில் எழுதியும் இருந்தார்கள். ஆனால் தாங்கள் படித்த தென்மேல் பருவக்காற்றும், சித்திரைக்குப் பின் தங்கள் வீட்டு யன்னலைப் படாரென்று அடித்துச் சாத்தும் சூட்டுக்காற்றும், மாமாவின் கச்சானும் ஒன்றே என்பது அன்றுதான் அவர்களுக்குப் புலப்பட்டது. அகராதியில் முதலிலேயே பார்த்திருந்தால் 'மேல்காற்று' என்று ஒரு சொல்லில் முடிந்திருக்கும். கிடுகும் துலாக்கயிறும் வெடித்த உதடும் அதனோடு வந்திரா.

என் ஊகம் தவறிய இடத்தையும் சொல்லிவிட வேண்டும். "காணி விசயமாக ஐயா பிரக்கிராசியாரிடம் மூன்று தரம் நடந்தார்" என்று ஓரிடத்தில் இருந்தது. காணித் தரகர் என்று எண்ணிக்கொண்டேன். அடுத்த முறை, பிரக்கிராசியாருக்குக் கொடுக்கக் காசு இல்லாமல் அம்மம்மாவின் காப்பு அடகுக்குப் போனது; தரகர் என்ற பொருள் அங்கேயும் குறையின்றிப் பொருந்தியது. நாற்பது பக்கம் கழித்துத்தான் பிரக்கிராசியார் கறுப்புக் கோட்டுடன் நீதவான் முன்னால் எழும்பி நின்றார். போர்த்துக்கேயர் வழியாக வந்து, சட்டத்தரணி என்ற சொல் நிலைபெறுவதற்கு முன்னர் வழங்கிய சொல் அது. ஓரத்தில் 'தரகர்' என்று எழுதியிருந்ததை அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

வாழ்க்கைக் குறிப்பையோ தன்வரலாற்றையோ வாசிக்கையில் இவ்வாறு சொற்கள் வந்து சேர்ந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒருவர்:

ஆசிரியையின் கச்சானைப் போல எங்கள் வீட்டில் ஒரு சொல்லுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். எனது வாப்பா 1970களில் எங்கள் ஊருக்கும் திருகோணமலைக்கும் இடையில் விறகும் தயிரும் கொண்டுபோய் விற்றவர். கடைசிக் காலத்தில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய குறிப்புகளைக் கணினியில் அடித்து வைத்திருக்கிறேன். கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டபோது என் மகளுக்கு ஒரு வயது. பாலம் இல்லாத கிண்ணியாவை அவள் அறியாள்.

தரம் எட்டில் படிக்கும்போது அவள் அந்தக் குறிப்புகளை வாசிக்கத் தொடங்கினாள். "பாதை அக்கரையில் நின்றது, கூவிக் கூப்பிட்டும் வரவில்லை" என்ற வரியோடு என்னிடம் ஓடி வந்து, பாதை எப்படி வாப்பா அக்கரையில் நிற்கும் என்று கேட்டாள். விடையைச் சொல்ல நா துடித்தது. ஆயினும், "இன்னும் பத்துப் பக்கம் வாசித்துவிட்டு வா" என்று அனுப்பினேன். பத்துப் பக்கத்துக்குள் பாதையில் ஒரு லொறியும் இரண்டு மாட்டு வண்டிகளும் ஏறின, பாதைக்காரர்கள் கம்பியைப் பிடித்து இழுத்தார்கள், காற்று மாறியதால் பாதை அரைமணி நேரம் நடுத்தண்ணீரில் நின்றது. பின்னேரம் அவள் ஒரு படம் வரைந்து கொண்டுவந்தாள். இரண்டு வள்ளங்களின் மேல் பலகை அடித்து, அந்தப் பலகையின் நடுவில் வீதிக்குப் போடுவது போல வெள்ளைக் கோடும் இழுத்திருந்தாள். வெள்ளைக் கோட்டைத் தவிர மற்ற எல்லாம் சரி.

அதே ஆண்டு, 2021 நவம்பரில், குறிஞ்சாக்கேணியில் பிள்ளைகள் பயணித்த மிதப்புப் பாதை கவிழ்ந்தது. செய்தித்தாளில் அந்தச் சொல்லுக்கு அவளுக்கு எவரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் இயலாது.

மூதூரிலிருந்து ஒருவர்:

நான் வயல் செய்பவன். ஆங்கிலத்தை ஐம்பது வயதுக்குப் பிறகு மகனின் புத்தகங்களிலிருந்து படித்துக்கொண்டவன். கடினமான நூலை ஏன் எடுத்தாய் என்று பலர் கேட்டார்கள்; எங்கள் ஊர் வருகிறது என்பதற்காக எடுத்தேன் என்பதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை. ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி 1660இல் எங்கள் ஊரை ஒட்டிய கொட்டியாரக் குடாவில், பாய்மரத்தைச் சீர் செய்வதற்காகக் கரை தொட்ட கப்பலிலிருந்து, கண்டி அரசனின் ஆட்களிடம் தந்தையோடும் தோழர்களோடும் அகப்பட்டார். அவர்கள் பிடிபட்ட இடம் என்று காட்டப்படும் புளியமரத்தடியில் நினைவுக்கல் இருக்கிறது. பழைய மரம் போய், இப்போது நிற்பது பின்னர் வைத்தது. பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டில் சிறைவாசம். 1679இல் தோழர் ஒருவருடன் காட்டு வழியாகத் தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து, 1681இல் இலண்டனில் இலங்கையைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார்.

அதில் தானியங்களைப் பற்றிய அத்தியாயத்தின் தலைப்பில் 'கோர்ன்' என்ற சொல் இருந்தது. நான் அறிந்த கோர்ன் சோளம்தான். கடையில் கோர்ன்ஃபிளவர் வாங்குகிறோம் அல்லவா. இந்த மனிதர் அந்தக் காலத்தில் இவ்வளவு சோளமா பயிரிடக் கண்டார் என்று எண்ணிக்கொண்டே வாசித்தேன். உள்ளே போனால் தண்ணீர் கட்டுகிறார்கள், வரம்பு போடுகிறார்கள், எருமை விட்டுச் சேறு மிதிக்கிறார்கள். சோளத்துக்கு எவன் சேறு மிதிப்பான்? நெல்லைத்தான் சொல்கிறார் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. நெல்லோடு குரக்கன் முதலிய மற்றத் தானியங்களும் தொடரவே, அந்நாளைய ஆங்கிலத்தில் அச்சொல் தானியம் முழுவதையும் குறித்தது என்பதும் தெளிந்தது. மகனுக்கு அவ்விடம் விளங்கவில்லை. அவனுடைய ஆங்கிலம் என்னுடையதைவிட எவ்வளவோ மேல், ஆனால் அவன் சேற்றில் இறங்கியதில்லை.

அந்த நூலைக் கற்று அப்படியே பேசினால் சிரிப்பார்கள் என்பதும் உண்மை. அக்கால ஆங்கிலத்தில் 'மீட்' என்றால் இறைச்சி மட்டுமன்றி உணவு எதுவாகவும் இருக்கலாம், 'வாண்ட்' என்றால் பெரும்பாலும் இல்லாமை. நான் ஒரு நேர்முகத்தில், "எங்கள் ஊரில் தண்ணீருக்கு வாண்ட்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திருகோணமலை நகரிலிருந்து ஒருவர்:

முன்னையவர்களின் உற்சாகத்தைக் கெடுப்பதற்காக இதை எழுதவில்லை, ஆயினும் சூழலிலிருந்து பொருள் கிடைத்துவிடும் என்பது பாதி உண்மை என்றே கருதுகிறேன். வாசிக்கும்போது எதிர்ப்படும் அறியாத சொற்களில் எத்தனை மனத்தில் தங்குகின்றன என்பதை அளந்த இருபது பரிசோதனைகளைச் சுவான்போர்ன், டி குளொப்பர் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ நூற்றுக்கு 15 என்ற கணக்கே கிடைத்தது. மிகுதி 85 சொற்களும் கண்ணைத் தொட்டுவிட்டுப் போய்விடுகின்றன.

தன்வரலாறு மட்டும் இதில் சற்று வேறுபடுகிறது என்பது என் அனுபவம். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் அவர் மறைந்த 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1950இல் நூலாகியது. அதை நான் ஆசுபத்திரிப் படுக்கையில் கிடந்தபோது வாசித்தேன். அகராதி கைவசம் இல்லை. 'ஜாகை' என்ற சொல் முதலில் வந்தபோது ஏதோ ஊர்ப்பெயர் என்று கடந்தேன். ஆனால் வித்துவான்களோடும் மடத்தோடும் ஊர் ஊராகத் திரிந்த மனிதருக்கு, போன இடமெல்லாம் தங்க ஓர் இடம் வேண்டியிருக்கிறது. எனவே அந்தச் சொல்லும் கூடவே வந்துகொண்டிருந்தது. நாலாந்தரம் வந்தபோது அது தங்குமிடம் என்பதில் ஐயம் இருக்கவில்லை. ஒரு நாவலாசிரியர் அழகான சொல் ஒன்றை ஒருமுறை வைத்துவிட்டுப் போய்விடலாம். தன் வாழ்வை எழுதுபவருக்கு அதே வீடு, அதே தொழில், அதே கடன்காரன் திரும்பத் திரும்ப வருவதால், அவற்றுக்குரிய சொற்களும் திரும்பி வந்தே தீரும். மூன்றாம் முறை வரை பொறுத்திருக்க ஆசிரியை வகுத்த முறை பலித்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். செய்தித்தாளில் அதைச் செய்து பார்த்தால் ஒற்றைப் புள்ளிகளே மிஞ்சும்.

அகராதியை முற்றாகத் தள்ளிவிடவும் வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் பழைய சொற்களும், 1992இல் முதற்பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் இலங்கை வழக்கு என்ற குறியோடு எங்கள் சொற்கள் பலவும் இருக்கின்றன. பிரக்கிராசியை நாற்பது பக்கம் தரகராக வைத்திருந்த ஆசிரியைக்கு அது கொஞ்சம் முன்பே உதவியிருக்கும்.

உப்புவெளி ஆசிரியை மீண்டும்:

நகரத்து ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நாற்பது பக்கம் தரகராக இருந்ததால்தான் இன்று வரை அந்தச் சொல் எனக்கு மறக்கவில்லை என்பதையும் அவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். கிண்ணியா வாப்பாவின் மகள் வரைந்த படத்தைக் காண எனக்கு ஆசையாக இருக்கிறது.

வகுப்பில் மேலும் ஒன்று நடந்தது. இரண்டாம் உலக யுத்தகாலக் கூப்பன் அரிசியைப் பற்றிய பக்கத்தில் "அம்மம்மா கொத்தை இரண்டு தரம் அளந்து பார்த்தா" என்று வந்தபோது, பிள்ளைகளின் மனத்தில் கொத்து ரொட்டிக் கடைத் தகட்டின் சத்தம்தான் கேட்டது. மறுநாள் வீட்டிலிருந்து அரிசி அளக்கும் சுண்டு ஒன்றைக் கொண்டுபோய், நாலு சுண்டு அரிசி அளந்து மேசையில் கொட்டி, இதுதான் ஒரு கொத்து என்றேன். அதைச் சூழலிலிருந்து கற்றதாகச் சொல்ல முடியாது, அரிசியிலிருந்து கற்றார்கள்.

இரண்டாவது கொப்பியில் இப்போது அறுபதாம் பக்கத்தில் நிற்கிறேன். 'சலங்கு' என்ற சொல்லுக்கு இரண்டு புள்ளிகள் வைத்தாயிற்று. முதல் இடத்தில் அதில் உப்பு மூட்டை ஏறியது. இரண்டாம் இடத்தில், வாடை தொடங்குமுன் அது குடாவுக்குள் வந்துவிட வேண்டும் என்று மாமாவின் ஐயா அவசரப்படுகிறார். தோணியைவிடப் பெரியது என்பது வரையில் தெரிகிறது. பாய் இருந்ததா, எத்தனை பேர் செலுத்தினார்கள் என்பது தெரியவில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து இப்போதைக்குச் சொல்லிவிடாதீர்கள்.