மும்மடியமா, முத்தொகுதியா?

அன்பர்களுக்கு வணக்கம்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ் மாணவிகளுக்காக நான் எழுதும் ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முத்துப்பிள்ளைக் கர்ப்பம் (நஞ்சுக்கொடித் திசு இயல்பாக வளராமல் நீர்க்குமிழிக் கொத்துப்போலப் பெருகும் கோளாறு) பற்றிய பாடத்தில், செல்லில் இரண்டுக்குப் பதில் மூன்று குரோமோசோம் தொகுதிகள் இருப்பதைக் குறிக்கும் ‘டிரிப்ளாய்டு’ என்பதற்கான சொல் மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

நம் குழுவில் கேட்டபோது புலவர் ஐயா ‘மும்மடியம்’ என்றார். மடி என்றால் சோம்பலும் ஆகுமே என்று ஒருவர் தொடங்க, குறளின் மடியின்மை அதிகாரம், தாய்மடி, பசுவின் மடி என்று மூன்று நாள் கழிந்தது. மலையாளத்திலும் மடங்கு உண்டு என்பதால் ‘மும்மடங்கு’ இரு மொழியாருக்கும் விளங்கும் என்கிறார் பாலக்காட்டு அன்பர். விளங்கும்; ஆனால் தவறாக விளங்கும் என்பதே என் அச்சம்.

திசு பதித்த மெழுகுக் கட்டியை 50 மைக்ரான் தடிமனில் சீவி, மெழுகை நீக்கி, பெப்சினில் ஊறவைத்துப் பிரித்த உட்கருக்களுக்குப் புரோப்பிடியம் அயோடைடு சாயமேற்றி, ஃப்ளோ சைட்டோமீட்டரில் லேசர் ஒளியின் குறுக்கே ஒவ்வொன்றாக ஓடவிட்டால், அவை ஒளிரும் அளவே டி.என்.ஏ. அளவைக் காட்டும். வரைபடத்தில் தாயின் திசுவிலுள்ள உட்கருக்கள் 1 என்ற இடத்தில் முகடாக நிற்கும். இயல்பான இரண்டு தொகுதிகளையே 1 எனக் கொள்வதால், பகுதி முத்துப்பிள்ளை என்னும் டிரிப்ளாய்டு வகையின் முகடு 1.5 அருகே எழும். மும்மடங்கு என்று எழுதிவிட்டு ஒன்றரையைக் காட்டினால் மாணவி எதை நம்புவாள்? மடியத்திலும் இதே குறை ஒளிந்திருக்கிறது.

ஆகவே ‘முத்தொகுதி’ என்கிறேன். தந்தைவழித் தொகுதி இரண்டு, தாய்வழித் தொகுதி ஒன்று, ஆக 69 குரோமோசோம்கள் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டலாம். முழு முத்துப்பிள்ளை என்னும் மற்றொரு வகையில் பெரும்பாலும் 46 குரோமோசோம்கள்தாம்; டி.என்.ஏ. அளவு இயல்பான கர்ப்பத்தை ஒத்திருந்தாலும் இரு தொகுதிகளும் தந்தைவழி வந்தவை. கருவி பிரித்துக் காட்டாத இதை, தாய்வழி மரபணுவிலிருந்து வெளிப்படும் பி57 புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்க்கிறோம்: தாயின் திசு உட்கருக்கள் பழுப்பேற, கோரியான் நீட்சிகளின் (நஞ்சுக்கொடியின் விரல் போன்ற நீட்சிகள்) உள்ளடுக்கு உட்கருக்கள் நிறமேறாமல் நிற்கும். தொகுதி என்ற சொல் இருந்தால் இவ்வளவையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

முத்துப்பிள்ளைப் பாடத்தில் முத்தொகுதியை ‘முத்துத் தொகுதி’ என்று படித்துவிடுவார்கள் என ஆசிரியை அம்மா எழுப்பிய தடை நியாயமானது. அதற்கு என்னிடம் விடையில்லை. ‘பாலிப்ளாய்டி’க்குப் பன்மடியம் என்ற சொல் பாடநூலில் ஏற்கெனவே இருப்பதால் பெரும்பான்மையோர் மும்மடியத்தின் பக்கமே நிற்கிறார்கள்.

தலைப்பில் மும்மடியம் என்றே போகட்டும். வரைபடத்துக்குக் கீழே ‘மூன்று தொகுதிகள்’ என்று பிரித்து எழுதியிருக்கிறேன். அந்த வரியை மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள்.