டிபிஎஸ்: இருபது வருஷம் ஆன பிறகும் தற்காலிகமா?

கேள்வி:
அமெரிக்காவில், போர், பூகம்பம் என்று ஊர் திரும்ப முடியாதவர்களுக்குத் தரும் தற்காலிகப் பாதுகாப்பு (டிபிஎஸ்) பற்றிக் கேட்கிறேன். எல் சால்வடார்காரர்களுக்கு 2001 பூகம்பத்துக்குப் பிறகு கொடுத்ததை இருபது வருஷத்துக்கு மேல் நீட்டித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளே பெரியவர்களாகிவிட்டார்கள். இன்னும் ஏன் கிரீன் கார்டு இல்லை?

பதில் 1:
1990 சட்டத்தில் அதற்கு வழியே வைக்கவில்லை. உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலர் ஒரு தடவைக்கு 6 முதல் 18 மாதம் தரலாம், நீட்டிக்கலாம், நிறுத்தலாம், அவ்வளவுதான். அப்புறம் 2021ல் உச்ச நீதிமன்றம், முறையான அனுமதி இல்லாமல் நுழைந்தவர் டிபிஎஸ்ஸை மட்டும் வைத்து உள்ளிருந்தபடியே கிரீன் கார்டு வாங்க முடியாது என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

பதில் 2:
அதே சட்டத்தில் இன்னொரு பூட்டும் இருக்கிறது. டிபிஎஸ்காரர்களுக்கு நிரந்தர வசிப்புரிமை தரும் மசோதாவை செனட் எடுத்துக்கொள்ளவே ஐந்தில் மூன்று பங்கு வாக்கு வேண்டும்! 2019லும் 2021லும் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய மசோதா செனட்டில்தான் நின்றுபோனது. முதலில் அந்த விதியை நீக்க வேண்டும்.

பதில் 3:
சரி, ஆனால் எல்லோருக்கும் உடனே நிரந்தரம் என்றால் அடுத்த பேரிடரில் எந்த நாட்டையும் பட்டியலில் சேர்க்கத் தயங்குவார்கள், அதுதான் என் பயம். இத்தனை வருஷம் தொடர்ந்து இருந்தவர் விண்ணப்பிக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதட்டும். செயலர் மாறும்போதெல்லாம் வேலை போகுமோ என்று ஒரு குடும்பம் நடுங்குவது அநியாயம்.