புதுப்பிப்பு: முதலீட்டு நடுவர் வழக்குகளில் மூன்றாம் தரப்பு

அயல்நாட்டு முதலீட்டாளர் ஓர் அரசுக்கு எதிராகத் தொடுக்கும் நடுவர் வழக்குகளில், வழக்கின் தரப்பினர் அல்லாதோரின் குரலை நடுவர்கள் கேட்கலாமா என்று முன்பு இங்கே எழுப்பிய கேள்வியைத் தொடர்கிறேன். அமெரிக்காவுக்கு எதிராகக் கனடிய நிறுவனமான மெத்தனெக்ஸ் தொடுத்த வழக்கில், அன்சிட்ரால் (ஐ.நா. பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம்) நடுவர் விதிகளின் 15(1)-ஆம் பிரிவின்படி வெளியாரின் எழுத்துவழி வாதுரைகளை ஏற்கத் தனக்கு அதிகாரம் உண்டு என 2001 ஜனவரியில் தீர்ப்பாயம் கூறியது. ஆனால் தரப்பினரின் இசைவின்றி வெளியாரை விசாரணைக்குள் அனுமதிக்க இயலாது என்றது. முதலீட்டுத் தகராறுகளுக்கான உலக வங்கிக் குழும மையமான இக்சிட் அமைப்பு, வெளியாரின் எழுத்துவழி வாதுரையை ஏற்கும் இந்த அதிகாரத்தை 2006-இல் தன் விதியாகவே எழுதியது.

என்னைப் பொறுத்தவரை முக்கியமானது 2022-ஆம் ஆண்டின் இக்சிட் நடுவர் விதிகளில் உள்ள 67-ஆவது விதி. விண்ணப்பிப்பவருக்குத் தரப்பினருடன் தொடர்பு உண்டா, வாதுரைக்கு யார் நிதியுதவி செய்கிறார் என்பவற்றையும் தீர்ப்பாயம் கருத வேண்டும். அனுமதி பெற்றவருக்கு, எந்தத் தரப்பும் ஆட்சேபிக்காவிடில், உரிய ஆவணங்களையும் வழங்க வேண்டும். ஆவணத்தைப் பார்க்காமல் எழுதும் வாதுரையால் நடுவர்களுக்குப் பெரிதாக உதவ முடியாது என்பதால், ஒரு தரப்பின் ஆட்சேபமே கதவை அடைத்துவிடும் இந்த நிலை எனக்கு இன்னும் கவலையளிக்கிறது.