ஆக்ஸ்ஃபோர்டு டபுள்ஸ் கப் பத்தி ஒரு உதவி
மக்களே, பையனோட ஸ்கூல் ப்ராஜெக்டுக்காக பழைய லான் டென்னிஸ் பத்தி படிக்கப்போய் இப்ப நானே மாட்டிக்கிட்டேன். 1879ல ஆக்ஸ்ஃபோர்டுல ஆண்கள் டபுள்ஸுக்குன்னே ஒரு போட்டி ஆரம்பிச்சாங்க, விம்பிள்டன்ல அப்ப சிங்கிள்ஸ் மட்டும்தான், முதல் வருஷம் எர்ஸ்கினும் லாஃபோர்டும் ஜெயிச்சாங்க, அடுத்த ரெண்டு வருஷம் ரென்ஷா ட்வின்ஸ், 1883ஓட போட்டியே நின்னுபோச்சு, கப்ப விம்பிள்டனுக்கு குடுத்துட்டாங்க. 1884ல அங்க டபுள்ஸ் தொடங்கினதும் அதையும் ரென்ஷா பிரதர்ஸே தூக்கிட்டாங்க (வேற ஆளே இல்லையா!). எனக்கு வேண்டியது அந்த அஞ்சு வருஷத்து மேட்ச் ஸ்கோரும் அப்ப வந்த பேப்பர் கட்டிங்கும்தான். பழைய பிரிட்டிஷ் பத்திரிகை ஆர்க்கைவுக்கு சந்தா கட்டியிருக்கறவங்க யாராச்சும் கொஞ்சம் தேடிப்பாத்து சொல்றீங்களா? விக்கிபீடியா லிங்க் வேணாம் ப்ளீஸ், அத பாத்தாச்சு.