காசோலை வழக்கு மேல்முறையீடு: 20 சதவீத வைப்புத்தொகையிலிருந்து விலக்குக் கேட்ட அனுபவம்

ஐந்து லட்சம் ரூபாய்க் காசோலை பணமின்றித் திரும்பிய வழக்கில், ஆறு மாதச் சிறைத்தண்டனையும் அதே தொகையை இழப்பீடாகக் கொடுக்கும் உத்தரவும் 2024 ஜனவரியில் எனக்கு எதிராக வந்தன. அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தபோது, தண்டனையை நிறுத்திவைக்கக் கோரிய மனுவில் 'மனுதாரர் வசதியற்றவர்' என்ற ஒரு வரியைத் தவிர என் நிலையைப் பற்றி எதுவும் இல்லை. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது, ஆனால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 148-ஆம் பிரிவின்படி, இழப்பீட்டில் 20 சதவீதமான ஒரு லட்சம் ரூபாயை 60 நாட்களுக்குள் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தே வந்தது. கடையை மூடி ஓராண்டாகியிருந்த எனக்கு அது மேல்முறையீட்டின் கதவையே அடைத்தது போலிருந்தது.

2018 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள அந்தப் பிரிவிலிருந்து தப்ப வழியில்லை என்றே பலரும் சொன்னார்கள். பின்னர் வேறொரு வழக்கறிஞர், ஜம்பூ பண்டாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் வழங்கிய தீர்ப்பைக் காட்டினார். வைப்புத்தொகை கட்டச் சொல்வதே பொது வழக்கம் என்றாலும், அந்த நிபந்தனை அநீதியாகும் என்றோ, மேல்முறையீட்டு உரிமையையே பறித்துவிடும் என்றோ நீதிமன்றம் கருதினால், காரணங்களைப் பதிவு செய்து விலக்கு அளிக்கலாம் என்று அதில் கூறப்பட்டுள்ளது. அதை முன்வைத்து உயர் நீதிமன்றம் சென்றோம். நிபந்தனையை மட்டும் ரத்து செய்து, மறுபரிசீலனைக்காக வழக்கைத் திருப்பி அனுப்பினார்கள்.

இம்முறை பிரமாணப் பத்திரத்துடன் ஓராண்டு வங்கிக் கணக்கு விவரம், கடை உரிமத்தை ஒப்படைத்ததற்கான ரசீது, என் மனைவியின் சிகிச்சைச் செலவுச் சீட்டுகள் ஆகியவற்றை இணைத்தோம். இரண்டு பவுன் நகையை அடகு வைத்திருந்ததைச் சொல்லத்தான் வேண்டுமா என்று தயங்கினேன். வழக்கறிஞர் வற்புறுத்தியதால் அடகுச் சீட்டின் நகலையும் வைத்தேன். விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் கேட்டதே நகையைப் பற்றித்தான். அது ஏற்கெனவே பத்திரத்தில் இருப்பதை நீதிபதியே எடுத்துக் காட்டினார். மறைத்திருந்தால் மற்ற ஆவணங்களும் மதிப்பிழந்திருக்கும் என்றே நம்புகிறேன். காரணங்களை எழுத்தில் பதிவு செய்து விலக்கு அளிக்கப்பட்டது. பணம் வரவேண்டியவருக்கும் இந்தத் தாமதம் வேதனைதான் என்பதை நான் உணராமல் இல்லை. எனவே வாய்தா எதுவும் கேட்காமல் மேல்முறையீட்டை நடத்தி வருகிறோம்.

மறுமொழி

ஐயா, எனக்கு விலக்குக் கிடைக்கவில்லை. என் பெயரில் வீடு இருந்ததாலும் அதற்கு முந்தைய ஆண்டின் வருமான வரிக் கணக்கில் கணிசமான வருமானம் காட்டியிருந்ததாலும் மனு தள்ளுபடியானது. ஆயினும் போதிய காரணம் காட்டினால் மேலும் 30 நாட்கள் அவகாசம் தர அதே பிரிவில் இடமிருப்பதால், அதைக் கேட்டுப் பெற்று, மைத்துனரிடம் கடன் வாங்கிக் கட்டினேன். அந்தத் தொகை வழக்கு முடியும் முன்பே நீதிமன்ற உத்தரவின்பேரில் புகார்தாரருக்கு வழங்கப்பட்டுவிட்டது. பிறகு நான் விடுதலையானபோது, ரிசர்வ் வங்கியின் வங்கி விகித வட்டியுடன் 60 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு அவருக்கு உத்தரவானது. பணம் கைக்கு வந்த அன்றே மைத்துனரின் கடனை அடைத்தேன்.