மினி மில்லை சி.என்.சி. ஆக்கறது: பால் ஸ்க்ரூ போட்டே ஆகணுமா?

திருகாணி:

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கறது எக்ஸ்2 வகை மினி மில். ஆர்8 ஸ்பிண்டில் (கட்டரைச் சுத்தற தண்டு), சாய்க்கிற காலம் (தலையைத் தாங்கற தூண்), தலைக்குள்ள பிளாஸ்டிக் கியர். பெரும்பாலும் அலுமினிய பிளேட், பிராக்கெட் வேலை. எப்பவாவது மைல்ட் ஸ்டீல். கையால ஓட்டறதுல குறை ஒண்ணும் இல்ல. ஆனா ஒரு வட்டப் பள்ளம் எடுக்கணும்னா ரோட்டரி டேபிளை ஏத்தி, சென்டர் பிடிச்சு, கிளாம்ப் போட்டு முடிக்கறதுக்குள்ள வேலை பண்ற ஆசையே போயிடுது.

திட்டம் இதுதான்: கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுல (சி.என்.சி.) ஓட மூணு ஆக்சிஸுக்கும் நீமா 23 அளவு ஸ்டெப்பர் (படிப்படியா நகர்ற மோட்டார்), டி.எம்.542 டிரைவர், 48 வோல்ட் பவர் சப்ளை, ஆர்டுயினோ ஊனோ போர்டுல ஜி.ஆர்.பி.எல்.ங்கற கட்டுப்பாட்டு சாஃப்ட்வேர். ஸ்க்ரூ மட்டும் இப்ப இருக்கறதே இருக்கட்டும்னு நினைக்கிறேன். டயல் கேஜ் வச்சுப் பார்த்ததுல எக்ஸ்ல 0.35 மி.மீ. பேக்லாஷ் (திசை மாத்தும்போது டேபிள் நகராம வீணாகிற ஆட்டம்), ஒய்ல 0.25. இதை சாஃப்ட்வேர்லயே ஈடுகட்டிக்கலாம்னு சிலர் சொல்றாங்க. நிஜமா முடியுமா? ஹேண்ட்வீலையும் விட மனசில்ல, இரட்டை ஷாஃப்ட் மோட்டார் வாங்கினா ரெண்டும் கிடைக்குமா?

நாலாவது ஆக்சிஸ்:

ஜி.ஆர்.பி.எல்.ல பேக்லாஷ் ஈடுகட்டற வசதியே கிடையாது. லினக்ஸ் சி.என்.சி.ல இருக்கு, மாக்3ல இருக்கு. ஆனா யோசிக்காம 1605 பால் ஸ்க்ரூ (நட்டுக்குள்ள குண்டுகள் உருள்ற ஸ்க்ரூ; 16 மி.மீ. விட்டம், சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு) வாங்கிடுங்க. அதுக்குன்னு செட்டாவே கிடைக்குது.

பழைய பிட்டர்:

தம்பி, வாங்கறது அப்புறம். அந்த 0.35 எங்கேருந்து வருதுன்னு பார்த்தீங்களா? அதைச் சொல்லாம ஸ்க்ரூ மாத்துன்னு சொல்றது, எங்க வலின்னு கேக்காம மாத்திரை குடுக்கற மாதிரி.

எக்ஸ் ஸ்க்ரூவைப் பிடிச்சிருக்கறது டேபிள், அதனால டயல் கேஜோட ஸ்டாண்டை டேபிள்லயே கட்டி, முனையை லீட் ஸ்க்ரூவோட நுனியில வைங்க. ஹேண்ட்வீலைத் தொடாம டேபிளை ரெண்டு கையாலயும் எக்ஸ் திசையில தள்ளி இழுங்க. டேபிளோட ஒப்பிட்டா ஸ்க்ரூ முனை முன்னும் பின்னும் போச்சுன்னா, அந்த அளவு நட்டோட தேய்மானம் இல்ல, ஸ்க்ரூவைப் பிடிச்சிருக்கற காலர், பேரிங் பக்கத்து ஆட்டம். மொத்தத்துலேருந்து அதைக் கழிச்சா மிச்சம்தான் நட்டோடது. பேரிங் பக்கத்து ஆட்டத்தை அப்படியே விட்டுட்டு என்ன விலை குடுத்து பால் ஸ்க்ரூ போட்டாலும் அது அங்கேயேதான் இருக்கும்.

அடுத்தது ஜிப், அதாவது டேபிள் ஓடற தடத்துல ஆட்டத்தைக் குறைக்கற பட்டி. கேஜை டேபிளோட ஒரு ஓரத்துல, பக்கவாட்டுல வச்சு, டேபிளை முன்னால பின்னால திருகற மாதிரி தள்ளிப் பாருங்க. முள் ஆடினா ஜிப் லூஸ். எல்லா ஸ்க்ரூவையும் தளர்த்தி, டேபிளை ஓட்டிக்கிட்டே ஒவ்வொண்ணா கொஞ்சம் கொஞ்சமா கொண்டு வாங்க. லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பும், அதனால ஆலன் கீயை எடுக்காம பிடிச்சுக்கணும். இந்த மெஷின்கள்ல ஜிப் பட்டியோட முகமே சமமா இருக்காது. எங்க ஒட்டுதுன்னு காட்டற மார்க்கிங் நீலம் தடவி ஓட்டிப் பாருங்க, ரெண்டு மூணு இடத்துலதான் ஒட்டியிருக்கும். எண்ணெய்க் கல்லுல மேடுகளை எடுத்தா டேபிள் ஓடற விதமே மாறிடும். ஒரு இடத்துல டைட்டா, இன்னொரு இடத்துல லூஸா ஓடற டேபிளை நான் கையால உணர்ந்து சமாளிப்பேன். ஸ்டெப்பருக்கு அந்த உணர்வு கிடையாது. டைட்டான இடத்துல ஸ்டெப்பை விட்டுடும், விட்டது அதுக்கே தெரியாது.

காலம் சாயற மெஷின்ங்கறதால ஸ்பிண்டில்ல கேஜைக் கட்டி 150 மி.மீ. வட்டமா டேபிள்மேல சுத்திப் பாருங்க. இடம் வலம் வித்தியாசம் 0.02க்குள்ள வந்தா போதும். முன் பின் வித்தியாசம் இருந்தா காலத்துக்கு அடியில ஷிம் (மெல்லிய தகடு) வைக்கணும், வேற வழியில்ல.

சாஃப்ட்வேர் ஈடுகட்டல் பத்தி. திசை மாறும்போது அந்த 0.35ஐக் கூட ஓட்டிச் சரிபண்ணும், அவ்வளவுதான். டேபிளைப் பிடிச்சு வைக்காது. கட்டர் ஓடற திசையும் ஜாப் நகர்ற திசையும் ஒண்ணா இருக்கற கிளைம்ப் மில்லிங்ல கட்டரே டேபிளைத் தன் பக்கம் இழுக்கும். 0.35 இடைவெளி இருந்தா அத்தனை தூரம் டேபிள் தாவும். 6 மி.மீ. எண்ட் மில் உடையறதுக்கு அது தாராளமாப் போதும். கையால ஓட்டறப்ப எதிர்த்திசையில வெட்டித் தப்பிச்சுக்குவோம். வட்டப் பள்ளத்துல அந்த எதிர்த்திசை விடாம நடக்குதுன்னாலும், வெட்டு விசையோட திசை சுத்திக்கிட்டே இருக்கறதால கால் வட்டத்துக்கு ஒருதரம் ஏதாவது ஒரு ஆக்சிஸ் திரும்பும், அங்க ஒரு தழும்பு விழும். நீங்க வேணும்னு சொல்ற வேலையே அதுதானே? அதனால முடிவுல பால் ஸ்க்ரூதான், நண்பர் சொன்னது சரி. வரிசைதான் வேற.

1605ஓட நட்டு உடம்பு 28 மி.மீ., ஃப்ளாஞ்ச் 48. எக்ஸ்2 டேபிளுக்கும் அதுக்குக் கீழ இருக்கற சேடிலுக்கும் நடுவுல அது அப்படியே நுழையாது. சேடிலை வெட்டணும், ஃப்ளாஞ்சோட பக்கத்தைத் தட்டையாக்கணும். எக்ஸுக்கு 12 மி.மீ. விட்டமுள்ள 1204 எடுத்தா வெட்டு குறையும். எதுவா இருந்தாலும் மோட்டார் மவுண்ட், பேரிங் ஹவுசிங், நட் ப்ராக்கெட் எல்லாத்தையும் மெஷின் முழுசா ஓடறப்பவே செஞ்சு முடிச்சுடுங்க. பிரிச்சப்புறம் மில்லுக்கு வேண்டிய பாகத்தைச் செய்ய உங்ககிட்ட மில் இருக்காது!

ஸ்க்ரூ முனையைப் பிடிக்கற பி.கே.12 பேரிங் ப்ளாக் வாங்கினா பிரிச்சுப் பார்த்துட்டு மாட்டுங்க. விலை குறைஞ்சதுல நீளவாக்கு விசையைத் தாங்கற ஆங்குலர் காண்டாக்ட் பேரிங் இருக்க வேண்டிய இடத்துல சாதா டீப் குரூவ் பேரிங் இருக்கும். மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கற கப்ளிங்ல ஸ்பிரிங் மாதிரி சுருள் வெட்டு போட்ட அலுமினியம் எனக்குப் பிடிக்காது. மில்லுக்கு அது மெத்துனு இருக்கும்.

இசட் பத்தி நீங்க கேக்கல, நான் சொல்லிடறேன். பழைய ஸ்க்ரூ உராய்வுல தானா நிக்கும். பால் ஸ்க்ரூ நிக்காது. கரண்ட் போனா தலை கட்டரோட சேர்ந்து ஜாப்மேல இறங்கும். கேஸ் ஸ்ப்ரிங்கோ எதிர் எடையோ பிரேக் வச்ச மோட்டாரோ கட்டாயம். ஹேண்ட்வீலுக்கும் இதே காரணம்தான். இரட்டை ஷாஃப்ட் மோட்டார்ல வீலை மாட்டலாம், ஆனா மோட்டாருக்குக் கரண்ட் இல்லாதப்ப டேபிள் வெட்டு விசைக்கு வழுக்கிக்கிட்டுப் போகும். பழைய கைப்பிடிப்பு இருக்காது. எட்ஜ் தொட்டுப் பார்க்கறதுக்கு வேணா வச்சுக்குங்க.

கம்பிச்சுருள்:

இயந்திரப் பக்கத்தை பிட்டர் ஐயா சொல்லிவிட்டார், நான் மின்சாரப் பக்கம் மட்டும்.

டி.எம்.542க்கு உச்ச வரம்பு 50 வோல்ட். 48இல் ஓட்டினால் மோட்டார் வேகம் குறைக்கும்போது திருப்பி அனுப்பும் மின்னழுத்தத்துக்கு இடமே இல்லை. 36 வோல்ட் போதும். டிரைவருக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றவே கூடாது. டிரைவர் போய்விடும்.

ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், ஒவ்வொரு ஸ்டெப்பையும் எட்டாகப் பிரிக்கும் மைக்ரோஸ்டெப், ஸ்க்ரூவின் லீட் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 5 மி.மீ. என்றால் ஒரு மி.மீ.க்கு 320 பல்ஸ். ஊனோவில் ஜி.ஆர்.பி.எல். நொடிக்கு சுமார் 30,000 பல்ஸ் தரும். உங்களுக்கு வேண்டியதைவிட அதிகம். எட்டுக்கு மேல் போவதால் துல்லியம் அதிகமாகாது. அந்த 320ஐ ஸ்கேல் வைத்து அளந்து 318, 321 என்று மாற்றிக்கொண்டிருக்கவும் வேண்டாம். சி7 தர ஸ்க்ரூவின் பிழை 300 மி.மீ.க்கு 0.05தான், உங்கள் அளவீட்டுப் பிழை அதைவிடப் பெரியது.

ஓட்டத்தின் எல்லையில் நிறுத்தும் லிமிட் ஸ்விட்சை நார்மலி குளோஸ்டாக (சாதாரணமாக மூடிய சுற்றாக) இணையுங்கள். வயர் அறுந்தாலும் மெஷின் நிற்கும். எமர்ஜென்சி பட்டன் ஆர்டுயினோவுக்குச் சொல்லி நிறுத்துவதாக இருக்கக் கூடாது; காண்டாக்டர் (பெரிய மின் ரிலே) வழியாக ஸ்பிண்டில், டிரைவர் இரண்டின் மின்சாரத்தையும் நேரடியாகத் துண்டிக்க வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் பெட்டி மூடியதாக இருக்கட்டும். அலுமினியத் தூள் பலகைக்குள் போனால் எதை எதோடு ஷார்ட் பண்ணும் என்று சொல்ல முடியாது.

திருகாணி:

பிட்டர் சார், சொன்ன மாதிரி ஸ்க்ரூ முனையில கேஜ் வச்சுப் பார்த்தேன். எக்ஸ்ல 0.15 அங்கேயே ஆடுது! ஒய்ல முனை அசையவே இல்ல. அப்போ எக்ஸ் நட்டுல 0.20தான். கம்பிச்சுருள் அண்ணா, பவர் சப்ளையை 36க்கு மாத்திடறேன்.

இன்னொரு சந்தேகம். என் ஸ்பிண்டில் அதிகபட்சம் 2500 ஆர்.பி.எம். அலுமினியத்துக்கு ஃபீட் எவ்வளவு வைக்கலாம்?

பழைய பிட்டர்:

6 மி.மீ. கட்டர் 2500ல சுத்தினா வெட்டு வேகம் நிமிஷத்துக்கு 47 மீட்டர். கார்பைடு இதைப்போல மூணு மடங்கு தாங்கும், அதனால உங்களுக்குத் தடை கட்டர் இல்ல, ஸ்பிண்டில்தான். ரெண்டு ஃப்ளூட் (ரெண்டு வெட்டுப் பல்), ஒரு பல்லுக்கு 0.03 மி.மீ.ன்னு வச்சா நிமிஷத்துக்கு 150 மி.மீ. அங்கேருந்து ஆரம்பிங்க. பயந்துக்கிட்டு 40ல ஓட்டாதீங்க, பல்லு வெட்டாம தேய்க்கும், அலுமினியம் கட்டர்ல ஒட்டும். மண்ணெண்ணெய் ஒரு தூரிகையில தொட்டு வையுங்க, பக்கத்துல நெருப்பு மட்டும் கூடாது.

மணிக்கணக்கா ஓட்டப் போறீங்கன்னா அந்த பிளாஸ்டிக் கியர் தாங்காது. பெல்ட் டிரைவ் மாத்திடுங்க, புல்லி விகிதத்தை மாத்தி வேகத்தையும் கூட்டிக்கலாம். கூட்டறதுக்கு முன்னாடி ஸ்பிண்டில் பேரிங் எவ்வளவு வேகத்துக்கு ஆனதுன்னு பாருங்க.

எக்ஸ் காலரை இப்பவே சரி பண்ணிடுங்க. மோட்டார் வர்ற வரைக்கும் கையால ஓட்டறதுக்காவது ஆகும்.