512 எம்பி விஎம்-ல லினக்ஸ் ஏறவே மாட்டேங்குது, அவசரம்

செம்பனைக்காடு:
வணக்கம், மலேசியா சுங்கை சிப்புட்ல இருந்து. விஎம்-ல (விண்டோஸுக்குள்ள ஓடுற மெய்நிகர் கணினி) லினக்ஸ் போட்டா ஆரம்பத்திலேயே கறுப்பு ஸ்கிரீன்ல நின்னுடுது. 512 எம்பி ரேமுக்கு எந்த ஓஎஸ் நல்லது? சனிக்கிழமை தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க லா.

கித்தாமரம்:
எந்த லினக்ஸ்? விர்ச்சுவல்பாக்ஸா, விஎம்வேரா? மடிக்கணினியில மொத்த ரேம் எவ்வளவு? கறுப்பு ஸ்கிரீன்ல கடைசி வரி என்ன?

மலையுச்சி:
அல்பைன் லினக்ஸ்தான். டெஸ்க்டாப் இல்லாம 128 எம்பியிலேயே ஓடும். ஐஎஸ்ஓ-வும் (இறக்குற இன்ஸ்டால் ஃபைல்) சின்னது, தோட்டத்து நெட் லைனுக்கு ஏத்தது.

கித்தாமரம்:
சர்வருக்கு அல்பைன் அருமை. ஆனா மத்த லினக்ஸ்ல வழக்கமா இருக்குற ஜிலிப்சி-ங்கிற அடிப்படை லைப்ரரி அதுல இல்ல, மஸ்ல்-ங்கிற வேற லைப்ரரிதான். வெளியிலிருந்து இறக்குற புரோகிராம் பாதி ஓடாது.

கணிவாத்தியார்:
ரேம், பதிப்பு, பிழைச்செய்தி இந்த மூணும் இல்லாம கேள்வி கேக்கக்கூடாதுன்னு எத்தனை தடவை எழுதுறது? முதல்ல கேக்கப் பழகுங்க.

செம்பனைக்காடு:
மன்னிக்கணும். விர்ச்சுவல்பாக்ஸ், லுபுண்டு 22.04. மொத்தம் 4 ஜிபி, விண்டோஸ் 10. கடைசி வரி: "கெர்னல் பேனிக்... சிஸ்டம் இஸ் டெட்லாக்ட் ஆன் மெமரி". பைத்தான் மட்டும் போதும். கீழே பச்சை ஆமைப் படம் ஒண்ணு தெரியுது.

கித்தாமரம்:
இதுல ரெண்டு கோளாறு இருக்கு.

ஐஎஸ்ஓ பூட் ஆகும்போது இனிட்ராம்எஃப்எஸ் (தொடக்கத்துக்கான தற்காலிக ஃபைல் தொகுப்பு) முழுசும் ரேம்லதான் விரியுது. அந்த நேரத்துல ஸ்வாப் (ரேம் பத்தாதப்போ உதவுற டிஸ்க் இடம்) கிடையாது, 512 பத்தாது. அதனால இன்ஸ்டால் பண்ண மட்டும் 1024 குடுங்க, முடிஞ்சதும் அணைச்சுட்டு 512-க்கு இறக்குங்க. லுபுண்டு வேணாம், டெபியன் 12 நெட்இன்ஸ்ட் (சின்ன இன்ஸ்டாலர், மத்ததை நெட்ல இறக்கும்) எடுங்க. மெனுவுல "கிராபிக்கல்" இல்லாத வெறும் "இன்ஸ்டால்". டெஸ்க்டாப் பட்டியல்ல எல்லா டிக்கையும் எடுத்துடுங்க. அப்புறம் எக்ஸ்ஆர்க் (திரைக்கு), ஐஸ்டபிள்யூஎம் (ஜன்னல்களுக்கு), ஐடில் (பைத்தான் எழுத) மட்டும் ஏத்துங்க. ஸ்வாப் 1 ஜிபி, கூடவே இசட்ராம்-டூல்ஸ் (ரேமுக்குள்ளயே சுருக்கி வைக்கிற ஸ்வாப்) போட்டு ரேம்ல 50 சதவீதம். தமிழ் எழுத்துக்கு ஃபான்ட்ஸ்-டாம்ல் பொதி. விஎம்-க்குள்ள பிரவுசர் திறக்காதீங்க, எந்த ஓஎஸ்-ஸா இருந்தாலும் 512-ஐ அதுவே தின்னுடும்.

ஆமை வந்தா விண்டோஸோட சொந்த விஎம் வசதியான ஹைப்பர்-வி ஓடுதுன்னு அர்த்தம், விஎம் இழுத்துக்கிட்டேதான் ஓடும். விண்டோஸ் செக்யூரிட்டியில கோர் ஐசொலேஷன்ல மெமரி இன்டெக்ரிட்டியை அணைங்க, விண்டோஸ் ஃபீச்சர்ஸ்ல ஹைப்பர்-வி, ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் டிக்கை எடுங்க, ரீஸ்டார்ட்.

ஒரு மெஷின்ல முடிச்சு ஓவிஏ-வா (முழு விஎம்-மும் ஒரே ஃபைலா) எக்ஸ்போர்ட் பண்ணி பென்டிரைவ்ல மத்த மெஷினுக்கு ஏத்திடுங்க. ஒவ்வொண்ணுலயும் இறக்கினா நெட் லைன் தாங்காது.

மலையுச்சி:
அப்போ 32-பிட் டெபியன் போடலாமே? பாயின்டர் (மெமரி முகவரி) 8 பைட்டுக்குப் பதிலா 4 பைட். பைத்தான் மாதிரி பாயின்டர் நிறைஞ்ச மொழிக்கு நல்லாவே மிச்சமாகும்.

கணிவாத்தியார்:
செத்துப்போன கிளைக்கு ஏன் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறீங்க? 2025-ல வந்த டெபியன் 13-ல 32-பிட் இன்ஸ்டாலரே கிடையாது. லுபுண்டுவும் 18.10-ஓட நிறுத்திடுச்சு.

மலையுச்சி:
12-ல இருக்கே அண்ணே. சனிக்கிழமை வகுப்புக்கு 13 எதுக்கு?

கணிவாத்தியார்:
அடுத்த வருஷம் அதே பிள்ளைகளுக்கு மறுபடியும் எல்லாத்தையும் மாத்திப் போடப்போறது யாரு? மெமரி இன்டெக்ரிட்டியை அணைக்கிறதும் பாதுகாப்பைக் குறைக்கிற வேலை. வகுப்பு முடிஞ்சதும் திரும்பப் போடச் சொல்லியிருக்கணும்.

கித்தாமரம்:
அது சரிதான், நான் விட்டுட்டேன். வகுப்பு முடிஞ்சதும் போட்டுடுங்க தம்பி.

செம்பனைக்காடு:
1024-ல ஏறிடுச்சு, 512-லயும் ஓடுது. ஆமை போயிடுச்சு. பென்டிரைவ்ல காப்பி ஓடுது. ரொம்ப நன்றிண்ணே.

மலையுச்சி:
32-ஆ 64-ஆ, எதைப் போட்டீங்க? ஐடில் திறந்த பிறகு எவ்வளவு ரேம் மிச்சம் காட்டுது?